அம்மா சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரே, இதற்கா கவுன்சிலர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் இது தெரியும். வலியையும் தொல்லைகளையும் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் பிரிவிலிருந்து வாரம் ஒருமுறை கவுன்சிலர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அம்மாவுக்குத் தைரியம் சொல்வார் என்றுதான் ஏற்பாடு செய்தோம். அவர் ஒன்றுமே சொல்வதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால், அம்மா சொன்னதையே திருப்பிச் சொல்கிறார், அப்புறம் நீளமாக ஒரு மௌனம். அவர் கிளம்பிய பிறகு பார்த்தால் அம்மாவின் கண்கள் சிவந்திருக்கின்றன. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் கவுன்சிலர் சொல்ல மறுக்கிறார். வெளியூரில் இருக்கும் தம்பி, "அம்மாவோட நம்பிக்கையைக் கெடுக்கறாங்க, நிறுத்து" என்கிறான். அம்மா என்னிடம் "நான் போயிட்டா…" என்று ஆரம்பித்தாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். துக்கத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு என்று படித்தேன். அம்மா எப்போது ஏற்றுக்கொள்ளும் கட்டத்துக்கு வருவார்? அவர் போன பிறகு நான் தாங்குவேனா என்றும் பயமாக இருக்கிறது. கவுன்சிலரை நிறுத்திவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது இருக்கிறது, கதவுக்கு இந்தப் பக்கம் உங்கள் காதில் விழுந்தது இருக்கிறது. அந்தக் கவுன்சிலர் வருவது அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும் இல்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பற்றிய பேச்சு முழுக்க அவரைத் தாண்டித்தான் நடக்கும். சாப்பாடு, மருந்து, யார் பார்க்க வரலாம் என்பது வரை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அப்படி இல்லாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த வகை ஆலோசனையே.

இதை நபர் மைய ஆலோசனை என்பார்கள். 1940-களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தொடங்கி வைத்தது. நிபுணர் சொல்ல, வந்தவர் கேட்டுக்கொள்வது என்று இருந்த வழக்கத்தை அவர் மாற்றினார். எங்கே வலிக்கிறது, எதைப் பேச வேண்டும், எதை இன்றைக்குத் தொடக்கூடாது என்பதெல்லாம் வந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும், வழி காட்ட வேண்டியவர் அவரே என்றார். ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மூன்று விஷயங்களை வலியுறுத்தினார். எதிரே இருப்பவரின் உலகத்தை அவர் பார்க்கிறபடியே புரிந்துகொள்ள முயல்வது. அவர் எதைச் சொன்னாலும் நிபந்தனை போடாமல் அவரை மதித்து ஏற்பது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. படிக்க எளிதாக இருக்கும். சாவைப் பற்றிப் பேசுகிற ஒருவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இந்த மூன்றையும் செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

சரி, அந்தத் திருப்பிச் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். கீழே இருப்பது நான் புனைந்த உரையாடல். உங்கள் அம்மா பேசியது இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு நன்றாகப் பழக்கம்.

"மாத்திரை எல்லாம் போதும்னு தோணுது."

"போதும்னு ஆயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மாத்திரை ஒண்ணும் கஷ்டமில்ல. ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து கொடுத்துட்டு அவ என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா."

"முழுங்கறது கூட பரவாயில்ல, அவங்க பாத்துட்டு நிக்கறதுதான் தாங்க முடியல."

"ஆமா. தேறிட்டு வர்ற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கணும். அதுக்குத்தான் தெம்பு இல்ல."

முதல் வரி காதில் விழுந்ததும் நீங்களோ நானோ வேறு யாரோ என்ன சொல்லியிருப்போம்? "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, மாத்திரை போட்டாத்தானே வலி குறையும்." மருத்துவப்படி சரியான பேச்சு. ஆனால் அதோடு பேச்சு முடிந்திருக்கும். மாத்திரை ஒரு பிரச்சனையே இல்லை என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆலோசகர் இரண்டாவதாகச் சொன்னதைக் கவனியுங்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் அதுவும் திருப்பிச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த அம்மா சொன்ன இரண்டு விஷயங்களை அவர் சேர்த்துப் பார்த்து, "நான் புரிந்துகொண்டது சரியா" என்று கேட்கிறார். தவறாக இருந்தால் "இல்ல, அதில்ல" என்று பதில் வரும், அந்தப் பதிலும் பேச்சை நகர்த்தும். நடுவில் இருந்த மௌனத்தில்தான் மாத்திரையிலிருந்து மகளுக்குப் பேச்சு போனது. அவசரப்பட்டு யாராவது அதை நிரப்பியிருந்தால் அந்த மூன்றாவது வரி வந்தே இருக்காது.

கிளிப்பிள்ளை மாதிரி வெறுமனே ஒப்பிக்கிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தன் முறையை மற்றவர்கள் அப்படி ஒரு வித்தையாகச் சுருக்கிவிட்டதில் ரோஜர்ஸுக்கே எரிச்சல் உண்டு. உங்கள் வீட்டுக்கு வருபவர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அவங்க வந்துட்டுப் போனா உனக்கு எப்படிம்மா இருக்கு? வரட்டுமா, வேண்டாமா?" "வரட்டும்" என்றால் வரட்டும். "வேண்டாம், சோர்வா இருக்கு" என்றால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திவிடலாம். "ஏதோ வர்றாங்க, போறாங்க" என்றால் வேறொருவரைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் உங்கள் கருத்தைக் கலக்காமல் கேட்பதுதான் கஷ்டம். குரலிலேயே தெரிந்துவிடும். மகள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்று பார்த்து, அதையே சொல்லிவிடுகிற அம்மாக்கள் நிறையப் பேர்.

கண்கள் சிவந்திருப்பதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். வீட்டில் அழ முடியாதவர் அங்கே அழுகிறார், அவ்வளவுதான். அழுத பிறகு எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். கொஞ்சம் தூங்குகிறாரா, யாரிடமாவது பேசுகிறாரா, ஏதாவது கேட்கிறாரா? அப்படியானால் அந்த அழுகையால் கெடுதல் ஒன்றும் இல்லை.

வேறு சில விஷயங்கள் தெரிந்தால் கண்டிப்பாகக் கவலைப்பட வேண்டும். எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன், ஒன்றுக்கும் உதவாதவள் ஆகிவிட்டேன் என்று ஓயாமல் சொல்வது, பிடித்த ஆள் வந்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இருப்பது, எப்போதோ நடந்ததற்கெல்லாம் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. இவை மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். பசி இல்லை, எடை குறைகிறது, எழுந்திருக்க முடியவில்லை என்பதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. புற்றுநோயிலேயே அவை எல்லாம் வரும். இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் மனசு உடையத்தானே செய்யும் என்று சொல்லி அந்த மனச்சோர்வை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடைசி மாதங்களில்கூட மருந்தும் பேச்சும் சேர்ந்து அதைக் குறைக்க முடியும். "செத்துப்போகணும்" என்று சொன்னால் அதட்டாதீர்கள். அது வலி தாங்காமல் வருகிற பேச்சா, களைப்பா, உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணமா என்று நிதானமாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கடைசியாகச் சொன்னது என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் தகவல் போக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் ஆள் தெரியாமல் குழறுகிறார், ராத்திரி படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார், மறுபடி தெளிகிறார் என்றால் அதை மனப் போராட்டம் என்று நினைத்துக் கவுன்சிலருக்காகக் காத்திருக்காதீர்கள். டெலிரியம் என்கிற மூளைக் குழப்பமாக இருக்கலாம். தொற்று, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, மருந்தின் அளவு, சிறுநீர் அடைப்பு என்று பல காரணங்கள் உண்டு. சிலவற்றை எளிதாகச் சரிசெய்துவிடலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வலியும் அப்படித்தான். இந்த முறையை நம்புகிறவர்களில் சிலர், காது கொடுத்துக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலப் பேசுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வலியில் துடிப்பவரிடம் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்பது அபத்தம். முதலில் மார்ஃபின், அப்புறம்தான் பேச்சு. சாகும் நிலையில் இருப்பவர்களைக் கவனிக்க 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை அழகாகப் பிடித்தார். நர்ஸாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர் அவர். உடம்பு வலி, மன வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, எதற்காக வாழ்ந்தோம் என்ற கேள்வி, நான்கும் சேர்ந்ததை முழு வலி என்றார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தணிக்க முடியாது என்பது அவர் அனுபவம். மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவார், ஆயுள் குறைந்துவிடும் என்று வீடுகளில் பயப்படுவார்கள். டாக்டர் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் அளவில் அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல்தான் பெரும்பாலும் வரும் தொல்லை. அதற்கு முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிவையுங்கள்.

கவுன்சிலர் உங்களிடம் எதையும் சொல்ல மறுக்கிறார் என்பது உங்களுக்கு உறுத்துகிறது. புரிகிறது. தூக்கி உட்கார வைப்பது நீங்கள், இரவில் கண் விழிப்பது நீங்கள், ரகசியம் மட்டும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருகிறவருக்கா என்று தோன்றும். ஆனால் அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அங்கே பேசியதை அவர் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வாரம் அம்மா பேச மாட்டார். அவரிடம் பேசுவதை அம்மா உங்களிடம் பேசாததற்குக் காரணம், உங்கள் மேல் பாசம் இல்லாதது அல்ல. உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு. கவுன்சிலர் அழுதால் அவரைத் தேற்ற வேண்டிய பொறுப்பு அம்மாவுக்கு இல்லை. நீங்கள் அழுதால் உண்டு.

மருத்துவமனைகளில் சாகும் நிலையில் இருப்பவர்களையும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களையும் கவனித்துப் பார்த்து, பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1965-இல் எழுதினார்கள். நோயாளிக்கு மட்டும் தெரியாமல் வைத்திருப்பது, அவர் சந்தேகப்பட ஆரம்பிப்பது, எல்லோருக்கும் தெரிந்தும் தெரியாதது போல நடிப்பது, வெளிப்படையாகப் பேசிக்கொள்வது என்று நான்கு நிலைகளைப் பிரித்தார்கள். உங்கள் வீடு மூன்றாவது நிலையில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு "நாளைக்கு இன்னும் நல்லா இருக்கும்" என்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த நடிப்பு எப்போதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் அது இரண்டு பேருக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும். ஆனால் உங்கள் வீட்டில் அம்மா "நான் போயிட்டா…" என்று நடிப்பை நிறுத்தப் பார்க்கிறார். நீங்கள்தான் விட மறுக்கிறீர்கள்.

நம்பிக்கை கெடுகிறது என்கிற தம்பியின் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. நிறையக் குடும்பங்களில் இருப்பதுதான். அவருக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அந்தப் பாதியில் மனச்சோர்வு குறைவாக இருந்தது, நாட்கள் நன்றாகக் கழிந்தன. கடைசியில் உடம்பைப் படுத்தும் சிகிச்சைகள் குறைவு. ஆயுளும் குறையவில்லை: அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்களுக்கு மேல் இருந்தார்கள், மற்றவர்களில் 8.9 மாதங்கள். இது பேச்சினால் மட்டும் வந்த பலன் அல்ல. வலி நிவாரணம், மருந்து, திட்டமிடல் எல்லாம் சேர்ந்த கவனிப்பு. நோயும் வேறு நோய். உங்கள் அம்மாவுக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல இதை எழுதவில்லை. உண்மையைப் பேசிக்கொண்டே கவனித்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை என்பதுதான் தம்பிக்கு வேண்டியது.

ஐந்து கட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் எழுதியது அது. நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேசவே டாக்டர்கள் தயங்கிய காலத்தில், நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்த ஆராய்ச்சியிலும் எல்லோரும் வரிசையாக ஏறிப் போகும் படிகள் என்று எதுவும் உறுதியாகவில்லை. ஆகவே அம்மா எப்போது ஐந்தாவதுக்கு வருவார் என்று காத்திருக்காதீர்கள். வராமலே போகலாம். கடைசி வரை கோபமாக இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. நேற்று நகையைப் பிரிப்பது பற்றிப் பேசியவர் இன்றைக்கு அடுத்த வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேசலாம். மறந்துவிட்டார் என்றோ ஏமாற்றுகிறார் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்தும் தெரியாமலும் இரண்டுக்கும் நடுவில் மனசு போய் வரும். திருத்தாதீர்கள். என்ன கலர் அடிக்கலாம் என்று கேளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை அம்மா "நான் போயிட்டா…" என்று ஆரம்பிக்கும்போது கையில் இருக்கிற வேலையைக் கீழே வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், அம்மாவின் கண்ணுக்கு நேராக இருக்கும் உயரத்தில். நின்றுகொண்டே கேட்டால் கிளம்பத் தயாராக இருப்பது போலத் தெரியும். "சொல்லும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்து வருவது பெரும்பாலும் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயமாக இருக்காது. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதாக இருக்கலாம், தம்பியோடு சண்டை போடாதே என்பதாக இருக்கலாம், எந்தப் புடவை கட்ட வேண்டும் என்பதாக இருக்கலாம். சொல்லி முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லுங்கள்: "தம்பியும் நானும் பேசாம போயிடுவோமோன்னு உனக்குக் கவலையா இருக்கு." தப்பாக இருந்தால் அம்மா திருத்துவார். கவுன்சிலர் செய்வதையே நீங்களும் செய்கிறீர்கள் என்று பாதியில் உறைக்கும். பரவாயில்லை.

அழுகை வந்தால் அழுங்கள். "எனக்கு இதைக் கேக்கவே பயமா இருக்கும்மா, ஆனாலும் கேக்கணும்னு நினைக்கறேன்" என்று உள்ளதைச் சொன்னாலே போதும். உங்கள் பயம் அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. காப்பாற்ற முடியாத வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். "ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு ராத்திரி மூச்சுத் திணறலில் வண்டி ஏற்ற வேண்டி வந்தால் அந்தக் குற்ற உணர்ச்சி வருஷக்கணக்கில் விடாது. "முடிஞ்ச வரைக்கும் வீட்டுலதான் வெச்சுப் பாத்துப்போம்" என்பது உண்மையான பேச்சு. அம்மா "எனக்கு இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டால் நீங்களாக ஒரு கணக்கு சொல்லாதீர்கள். கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் வேண்டாம். "டாக்டர்கிட்ட நேராவே கேக்கலாமா? நான் கூட இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசித் தீர்க்க முயலாதீர்கள். அம்மா சீரியல் பார்க்க ஆசைப்பட்டால் சேர்ந்து பாருங்கள். எதைப் பேசுவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில்தான்.

பேச முடியாத நாட்களும் வரும். அப்போது கேள்விகளைக் குறைத்துவிடுங்கள். பதில் சொல்வதே ஒரு பெரிய வேலை. கண் முன்னால் இருப்பதை மெதுவாகச் சொன்னால் போதும்: "கண்ணத் திறந்து ஜன்னல் பக்கம் பாக்கற." "கை சில்லுனு இருக்கு, நான் பிடிச்சிருக்கேன்." ரோஜர்ஸின் வழியில் வந்த கேரி ப்ரௌட்டி, சுற்றியுள்ளவர்களோடு தொடர்பு அறுந்து போனவர்களுக்காக உருவாக்கிய முறையில் இப்படித்தான் பேசுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஆள் பக்கத்தில் இருப்பது இதில் தெரியும். கண் திறக்காத நிலையிலும் அம்மாவின் காதுபடப் பேசுவதில் ஜாக்கிரதையாக இருங்கள். அந்த நிலையிலும் சிலருடைய மூளை ஒலிக்குப் பதில் தருவதாக ஆய்வு இருக்கிறது.

நீங்கள் தாங்குவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் துக்கம் இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைக்கிறீர்கள். அது எப்போதோ ஆரம்பித்துவிட்டது, பேச்சை மாற்றுவதே அதில் ஒரு பகுதி. இழப்புக்கு முன்பே வரும் இந்தத் துக்கத்தைப் பற்றி 1944-லேயே எழுதியிருக்கிறார்கள். அம்மா போன பிறகு சில நாள் அவரையே நினைத்து உருகுவீர்கள், சில நாள் பேங்க் வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று ஓடுவீர்கள். ஓடுகிற நாட்களில் அம்மாவை மறந்துவிட்டோமே என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கியபடி, இந்த இரண்டுக்கும் நடுவில் போய் வருவதுதான் துக்கம் நகரும் விதம். அம்மாவோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தால் அதுவும் கோளாறு இல்லை.

துக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் கவுன்சிலிங் தேவைப்படாது. இதைச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதில்லைதான். பெரும்பாலானவர்கள் சுற்றி இருப்பவர்களின் துணையோடு தாங்களே மீண்டு வருகிறார்கள். ஆனால் மாதங்கள் போயும் ஏக்கம் முதல் வாரம் போலவே தினமும் வாட்டுகிறது, வேலையும் வீடும் நின்றுபோய்விட்டன என்றால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் வரையறையில் குறைந்தது 6 மாதங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் சேர்த்த வரையறையில் பெரியவர்களுக்கு 12 மாதங்கள். அப்போது வெறுமனே கேட்கிற ஆலோசனை மட்டும் போதாமல் போகலாம். அதற்கென்றே வகுத்த சிகிச்சை இருக்கிறது, அதைத் தெரிந்தவரிடம் போங்கள்.

கடைசியாக, கவுன்சிலரிடம் உங்களுக்கும் தனியாக ஒரு நேரம் கேளுங்கள். பாலியேட்டிவ் பிரிவுகள் பொதுவாகக் குடும்பத்தையும் சேர்த்தே கவனிப்பவை, அவரால் முடியாவிட்டால் வேறொருவரைச் சொல்வார். அம்மா பேசியதை அங்கே கேட்காதீர்கள், உங்கள் பயத்தைப் பேசுங்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதையும் சொல்லிவிடலாம், அவர் கோபிக்க மாட்டார். தம்பியைச் சீக்கிரம் ஒரு முறை வரச் சொல்லுங்கள், போனில் இதெல்லாம் ஆகாது. வந்ததும் அம்மாவோடு அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். என்ன பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம்.